பக் நாய்க்கு அண்ணச் சதையைக் குறைக்க லேசர் நல்லதா, கத்தியே போதுமா?

உங்கள் நான்கு வயது பக் மூச்சுவிடத் திணறுகிறது, அண்ணச் சதையைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார்கள், லேசரா கத்தியா என்று கேட்டிருக்கிறீர்கள். எங்கள் வீட்டு பக் லட்டுவுக்கு இதே சிகிச்சை லேசரில்தான் நடந்தது. நான் மருத்துவர் இல்லை, பட்டதைச் சொல்கிறேன்.

பக் நாய் நடித்த ஹட்ச் செல்போன் விளம்பரம் வந்த நாளிலிருந்து சென்னையில் தெருவுக்கு ஒரு பக். அந்தச் சப்பை மூஞ்சிதான் அழகு, வினையும் அதுதான். மண்டை குட்டையாகிவிட்டது, உள்ளே இருக்கும் சதை குட்டையாகவில்லை. மேலண்ணத்தின் பின்பகுதி நீண்டு தொங்கி மூச்சுக்குழாயின் வாயை மறைக்கிறது. சித்திரை வெயிலில் பத்தடி நடந்தாலே லட்டுவுக்கு நாக்கு நீலம் பாரித்துவிடும்.

இந்த இடத்தில் லேசருக்கு உண்மையிலேயே வேலை உண்டு. வெட்டுவதற்குப் பெரும்பாலும் பயன்படுவது கார்பன் டை ஆக்சைடு லேசர். (1964இல் பெல் ஆய்வகத்தில் இதை உருவாக்கிய குமார் படேல், மகாராஷ்டிரத்துப் பாராமதியில் பிறந்தவர்.) இதன் ஒளியைத் தண்ணீர் அப்படியே உறிஞ்சிக்கொள்ளும். சதையில் பெரும்பகுதி தண்ணீர்தானே, பட்ட இடம் ஆவியாகிவிடும். பொடி ரத்தக் குழாய்கள் அப்போதே அடைபட்டுவிடும். ஏற்கனவே குறுகிய தொண்டைக்குள் ரத்தம் வழியாமல் இருப்பது பெரிய விஷயம். நேரமும் குறைவு. ஆனால் கத்தரியால் வெட்டித் தையல் போட்டாலும், கைதேர்ந்தவர் செய்தால் கடைசியில் பெரிய வித்தியாசம் இருக்காது என்று எங்கள் டாக்டரே சொன்னார்.

'லேசர்தானே, மயக்க மருந்து வேண்டாம்' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இரண்டுக்கும் முழு மயக்கம் தேவை. சப்பை மூக்கு நாய்களுக்கு மயக்கம் தெளியும் நேரம்தான் கண்டம். நன்றாக விழித்த பிறகுதான் மூச்சு டியூபை எடுக்க வேண்டும். தொண்டை வீங்கலாம் என்பதால் முதல் இரவு ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும். லேசரில் இன்னொரு பயமும் உண்டு. டியூபில் ஆக்சிஜன் ஓடும்போது கதிர் தவறிப் பட்டால் தீப்பிடிக்கும். அதற்காக ஈரத் துணி வைத்து மறைப்பார்கள், நாயின் கண்ணையும் மூடுவார்கள். எந்த மெஷின் என்பதைவிட, எத்தனை பக்குக்குச் செய்திருக்கிறீர்கள், ராத்திரி யார் பார்த்துக்கொள்வார்கள் என்று கேளுங்கள்.

இதில் ஒரு கூத்து. நாங்கள் முதலில் போன கிளினிக்கில் 'லேசர் வசதி உண்டு' என்று பெரிய போர்டு. விசாரித்தால் மூட்டு வலிக்கு ஒத்தடம் மாதிரிக் காட்டுகிற சிகிச்சை லேசராம். அது எதையும் வெட்டாது!

அப்புறம் எங்கள் நாட்டு நாய் மணிக்குத் தொடையில் கட்டி வந்தது. லேசரில் சொக்கிப்போயிருந்த நானே 'இதையும் அதிலேயே எடுத்துவிடுங்கள்' என்றேன். டாக்டர் மறுத்துவிட்டார். ஓரம் கருகிப்போனால், கட்டி முழுதாக வந்துவிட்டதா என்று பயாப்சியில் பார்ப்பது கஷ்டமாம். தோலில் லேசர் வெட்டு ஆறுவதற்குக் கத்தி வெட்டைவிடக் கூடுதல் நாள் பிடிக்குமாம். கத்தியால்தான் எடுத்தார்.

உங்களுக்குக் கிடைக்கும் நல்ல கை லேசர் வைத்திருந்தால், செலவும் கட்டுப்படியானால், செய்யுங்கள். லேசருக்காக மட்டும் அனுபவம் இல்லாதவரிடம் போகாதீர்கள். மூக்குத் துவாரம் கீற்றாக இருந்தால் அதையும் அதே மயக்கத்தில் அகலப்படுத்த முடியுமா என்று கேளுங்கள், லட்டுவுக்கு அப்படித்தான் செய்தார்கள். கழுத்துப் பட்டையை இன்றே கழற்றிவிட்டு மார்புப் பட்டை மாட்டுங்கள். குண்டாக இருந்தால் தேதி குறிப்பதற்கு முன்பே எடையைக் குறையுங்கள். லட்டு ஒன்றரைக் கிலோ இறங்கிய பிறகுதான் டாக்டர் தேதியே கொடுத்தார். குறட்டை மட்டும் இன்னும் இருக்கிறது, முன்னைக்குப் பாதி.