மெயில் பெட்டி நிறைந்துவிட்டதா? முதலில் அட்டாச்மென்ட்டை வெளியே எடுங்கள்

கேள்வி: ஜிமெயிலில் 15 ஜிபி நிறைந்துவிட்டது என்று காட்டுகிறது. பல ஆயிரம் மெயில் கிடக்கிறது, அழிக்கவும் பயமாக இருக்கிறது. தண்டர்பேர்ட் மாதிரி ஒரு மெயில் மென்பொருளில் மெயில், அட்டாச்மென்ட், கான்டாக்ட் மூன்றையும் எப்படி ஒழுங்காக வைத்துக்கொள்வது?

மார்த்தாண்டம் பக்கம் ஒரு முந்திரி ஏற்றுமதி நிறுவனத்தில் ஆவணங்களைக் கவனிப்பதுதான் என் வேலை. எங்கள் ஊர் வழக்கில் சொன்னால் அண்டி ஆபீஸ். ஒரு இருபதடி கன்டெய்னரில் 700 அட்டைப்பெட்டி பருப்பு போகும். அதற்கு ஒப்பந்தம், இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், ஷிப்பிங் பில், பில் ஆஃப் லேடிங் (சுருக்கமாக பிஎல், சரக்கைக் கப்பலில் ஏற்றியதற்குக் கப்பல் கம்பெனி தரும் ரசீது), பைட்டோசானிட்டரி சான்றிதழ், சர்டிஃபிகேட் ஆஃப் ஆரிஜின் என்று ஒரு கட்டுக் காகிதம். முக்கால்வாசியும் மெயிலில்தான் வரும், மெயிலில்தான் போகும். அதனால் இதைப் பற்றி எனக்கு அழுத்தமான கருத்து உண்டு: மெயில் எத்தனை ஆயிரம் இருந்தாலும் பாதகமில்லை. தொல்லை கொடுப்பது அட்டாச்மென்ட். அதை மெயிலுக்குள்ளேயே விட்டுவைப்பதால்தான் இடமும் தீர்கிறது, வேண்டிய நேரத்தில் பொருளும் கிடைப்பதில்லை.

இடக் கணக்கை முதலில் பார்ப்போம். அந்த 15 ஜிபி ஜிமெயிலுக்கு மட்டும் உரியதில்லை, கூகுள் டிரைவும் கூகுள் போட்டோஸும் அதில் பங்கு. போனில் எடுக்கும் கல்யாண வீடியோ போட்டோஸில் ஏறிக்கொண்டே இருந்தால், மெயிலை எவ்வளவு அழித்தாலும் பெட்டி நிறைந்தே கிடக்கும். கூகுள் கணக்கின் சேமிப்பகப் பக்கத்தில் எது எவ்வளவு எடுத்திருக்கிறது என்று பிரித்துக் காட்டும். அதைப் பார்த்துவிட்டுக் கை வையுங்கள்.

எழுத்து மட்டும் உள்ள மெயில் பெரும்பாலும் சில கேபிதான். ஸ்கேன் செய்த ஒரு பிடிஎஃப் பல எம்பி வரும். அதோடு, மெயிலில் போகும் எந்தக் கோப்பும் தன் அசல் அளவில் போவதில்லை. மெயில் அனுப்பும் முறையை 1982இல் வகுத்தபோது வெறும் ஆங்கில எழுத்துகளை மனதில் வைத்துத்தான் வகுத்தார்கள். படம், பிடிஎஃப் போன்றவற்றை அந்த வழியிலேயே அனுப்ப 1992இல் மைம் என்ற முறை வந்தது. அது கோப்பை எழுத்துகளாக மாற்றி அனுப்பும். மாற்றும்போது அளவு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். 25 எம்பி வரை அனுப்பலாம் என்று ஜிமெயில் சொன்னாலும் 20 எம்பி கோப்பே சிக்கலாவதற்கு இதுதான் காரணம். இன்னொன்று: பதில் எழுதினால் அட்டாச்மென்ட் கூடவே போகாது, ஃபார்வேர்டு செய்தால் போகும். ஒரே பிடிஎஃப்பை நாலு பேர் மாற்றி மாற்றி ஃபார்வேர்டு செய்தால் உங்கள் பெட்டியில் நாலு பிரதி.

ஆகவே பெரிய மெயில்களைத்தான் முதலில் தேட வேண்டும். கம்ப்யூட்டரில் ஜிமெயிலைத் திறந்து, தேடல் பெட்டியின் வலது ஓரத்தில் உள்ள குறியை அழுத்தினால் ஒரு படிவம் விரியும். அதில் அளவு 10 எம்பிக்கு மேல் என்று கொடுங்கள். அட்டாச்மென்ட் உள்ளவை மட்டும் என்று ஒரு கட்டமும் உண்டு, தேதி வரம்பும் உண்டு. வரும் பட்டியலில் வேண்டியதைத் தரவிறக்கி வைத்துவிட்டு மெயிலை அழியுங்கள். குப்பைக்குப் போனது 30 நாள் அங்கேயே இருக்கும், அதுவரை இடத்தையும் பிடித்துக்கொண்டிருக்கும். உடனே இடம் வேண்டுமென்றால் குப்பையையும் காலி செய்ய வேண்டும். பெரும்பாலோருக்கு இந்த ஒரு வேலையிலேயே பாதி பாரம் இறங்கிவிடும்.

தரவிறக்கிய கோப்பை என்ன பெயரில் வைப்பது? இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். ஸ்கேன் மெஷின் போட்ட எண்ணோடும், வாட்ஸ்அப் கொடுத்த நீளப் பெயரோடும் டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் அப்படியே விட்டுவிட்டால் மெயிலுக்குள் கிடந்ததற்கும் இதற்கும் வித்தியாசமில்லை. நான் வைக்கும் பெயர் தேதியில் தொடங்கும்: முதலில் வருடம், பிறகு மாதம், பிறகு நாள். ‘2024-11-08 பிஎல் டிராஃப்ட் 2’ என்பதுபோல. வருடம் முன்னால் இருந்தால் பெயர் வரிசையே கால வரிசையாகிவிடும். நாள் முன்னால் வந்தால் எல்லா வருடத்து எட்டாம் தேதியும் ஒன்றாகக் குவியும்.

எங்களுக்குச் சரக்கு அனுப்பித் தரும் ஒரு ஏஜென்சி ஒரு முறை பில் ஆஃப் லேடிங் டிராஃப்ட்டை இரண்டு தடவை அனுப்பியது. இரண்டுக்கும் ஒரே கோப்புப் பெயர், உள்ளே பெட்டி எடை மட்டும் வேறு. பழையதற்குச் சம்மதம் சொல்லிவிட்டால் இன்வாய்ஸில் ஒரு எடை, பிஎல்லில் ஒரு எடை என்று நின்று, வங்கி காகிதத்தைத் திருப்பிவிடும். பணம் அங்கேயே மாட்டிக்கொள்ளும். வந்த தேதியும் டிராஃப்ட் எண்ணும் பெயரிலேயே இருந்ததால் எது பிந்தியது என்பதில் எங்களுக்குக் குழப்பம் வரவில்லை. முதலாளி திடீரென்று போன் போட்டு, “மக்ளே, போன வருசம் போன பத்தாம் லோடுக்க பிஎல் எங்க கெடக்கு?” என்று கேட்டால், மெயிலைத் திறக்காமலே அந்த லோடின் ஃபோல்டரிலிருந்து எடுத்து அனுப்ப முடிகிறது.

இனி தண்டர்பேர்ட். இலவசம், கட்டற்ற மென்பொருள், 2004 முதல் இருக்கிறது. ஜிமெயில் கணக்கைச் சேர்க்கும்போது கூகுளின் பக்கமே திறந்து அனுமதி கேட்கும், அதில் நுழைந்தால் போதும். ஐமேப் என்ற முறையைத் தேர்ந்தெடுங்கள். போனிலும் கம்ப்யூட்டரிலும் ஒரே நிலவரம் தெரிய அதுதான் சரி.

அட்டாச்மென்ட்டின் மேல் வலது பொத்தானை அழுத்தினால் ‘டிடாச்’ என்று ஒரு தேர்வு வரும். அது கோப்பை நீங்கள் சொல்லும் ஃபோல்டரில் சேமித்துவிட்டு மெயிலிலிருந்து நீக்கிவிடும், மெயிலின் எழுத்து அப்படியே இருக்கும். யார், என்றைக்கு, என்ன சொல்லி அனுப்பினார் என்ற சாட்சியம் வேண்டும், பத்து எம்பி மட்டும் வேண்டாம் என்கிற என்னைப் போன்றவர்களுக்கு இதைவிடப் பயனுள்ள வசதி வேறில்லை. ஆனால் ஒன்று கவனியுங்கள். தண்டர்பேர்ட் அட்டாச்மென்ட் இல்லாத புது மெயில் ஒன்றை உருவாக்கிப் பழையதை அழிக்கும். ஜிமெயிலில் அந்தப் பழைய பிரதி ‘ஆல் மெயில்’ ஃபோல்டரிலோ குப்பையிலோ தங்கிவிடலாம். இடம் குறையவில்லையே என்று தோன்றினால் அங்கே போய்ப் பாருங்கள்.

பழைய மெயில்களைக் கம்ப்யூட்டருக்கு இறக்குவதிலும் இதே கதைதான். தண்டர்பேர்ட்டில் ‘லோக்கல் ஃபோல்டர்ஸ்’ என்று ஒரு பகுதி உண்டு. அதற்குள் போவது உங்கள் ஹார்டு டிஸ்க்கில் மட்டும் இருக்கும். அதில் வருடத்துக்கு ஒரு ஃபோல்டர் போட்டு, முதலில் நகல் எடுங்கள். எண்ணிக்கை சரியாக இருக்கிறதா, சில மெயில்கள் அட்டாச்மென்ட்டோடு திறக்கிறதா என்று பாருங்கள். அதன் பிறகு ஜிமெயில் பக்கத்துக்கே போய் அழியுங்கள். நேராக இழுத்து விட்டால், இன்பாக்ஸிலிருந்து மறைந்தாலும் ஜிமெயில் அதை ஆல் மெயிலில் வைத்துக்கொண்டிருக்கக்கூடும். ஜிமெயிலில் ஃபோல்டர் என்று தெரிவதெல்லாம் லேபிள்தான், மெயில் ஒன்று, அதில் ஒட்டிய சீட்டுகள் பல. சீட்டைக் கிழித்தால் மெயில் போய்விடாது.

தண்டர்பேர்ட்டில் அழித்த மெயிலும் டிஸ்க்கில் உடனே போய்விடாது, ஃபோல்டரை ‘காம்பாக்ட்’ செய்தால்தான் போகும். அதை அவ்வப்போது செய்யுங்கள்.

ஃபோல்டர்களை எப்படிப் பிரிப்பது என்பதில் நான் சிக்கனக்காரன். ஆளுக்கு ஒரு ஃபோல்டர் வேண்டவே வேண்டாம். ஒரே மெயில் நாலு பேருக்கும் சம்பந்தப்பட்டதாக இருக்கும்போது எதில் போடுவது என்று யோசித்தே மனம் சலித்துவிடும். இன்பாக்ஸில் முடியாத வேலை மட்டும், முடிந்தது எல்லாம் அந்த வருட ஃபோல்டருக்கு, அவ்வளவுதான். நடுவில் நிற்பவற்றுக்குத் தண்டர்பேர்ட்டில் டேக் உண்டு. மெயிலைத் தேர்ந்து விசைப்பலகையில் 1 முதல் 5 வரை ஏதாவது ஒரு எண்ணை அழுத்தினால் ஒரு நிறம் ஏறும். எங்கள் அலுவலகத்தில் சிவப்பு என்றால் வங்கிக்குப் போக வேண்டியது.

மின்கட்டணம், வங்கி அறிவிப்பு, விளம்பரம் போன்றவற்றை ஃபில்டர் போட்டு ஒதுக்கலாம். தண்டர்பேர்ட்டில் போடும் ஃபில்டர் தண்டர்பேர்ட் திறந்திருக்கும்போது மட்டும்தான் ஓடும். போனிலும் மெயில் பார்ப்பவர் என்றால் ஜிமெயிலின் அமைப்புகளிலேயே ஃபில்டரைப் போடுங்கள், அது எப்போதும் ஓடும். ஒரு சின்ன உத்தியும் சொல்கிறேன். உங்கள் ஜிமெயில் முகவரியில், அட் குறிக்கு முன்னால் ஒரு கூட்டல் குறி போட்டு ஏதாவது ஒரு சொல்லைச் சேர்த்துக் கொடுத்தாலும் மெயில் உங்களுக்கே வரும். கடைகளுக்கும் ஆப்களுக்கும் அப்படிக் கொடுத்துவிட்டால், அந்த முகவரிக்கு வருவதையெல்லாம் ஒரே ஃபில்டரில் ஒதுக்கிவிடலாம். சில தளங்கள் கூட்டல் குறியை ஏற்றுக்கொள்வதில்லை என்பது மட்டும்தான் குறை.

தேடுவதில் தமிழில் எழுதுபவர்கள் அறிய வேண்டியது ஒன்று உண்டு. ஜிமெயில் முழுச் சொல்லைத்தான் தேடும். ‘பத்திரம்’ என்று தேடினால் ‘பத்திரத்தை’ என்று எழுதிய மெயில் வராமல் போகலாம். தண்டர்பேர்ட்டின் விரைவு வடிகட்டிப் பட்டையில் ‘பத்திர’ என்று மட்டும் அடித்தால் இரண்டும் வரும், ஏனென்றால் அது சொல்லின் துண்டையும் பார்க்கும். அதே பட்டையில் அட்டாச்மென்ட் உள்ளவை மட்டும் காட்டும் பொத்தானும் இருக்கிறது. பழைய வீட்டுப் பத்திர நகலைத் தேட இதைவிடச் சுலபமான வழி எனக்குத் தெரிந்து இல்லை.

அலுவலகம் இல்லாதவர்களுக்கும் கோப்புப் பெயர் விஷயம் பொருந்தும். குளச்சல் பக்கம் இருக்கும் என் சித்தி மகன் கப்பலில் வேலை பார்க்கிறான். ஆள் எடுக்கும் ஏஜென்ட் மும்பையிலிருந்து கூப்பிட்டு, இன்று சாயங்காலத்துக்குள் பாஸ்போர்ட், சிடிசி என்கிற கப்பல் பணிப் புத்தகம், எஸ்டிசிடபிள்யூ என்கிற சர்வதேச விதிப்படி எடுத்த பயிற்சிச் சான்றிதழ்கள், மெடிக்கல் எல்லாம் வேண்டும் என்பார். அவனுக்கு நான் சொன்னது, பெயரில் வாங்கிய தேதி வேண்டாம், முடியும் தேதியைப் போடு என்பதுதான். மெடிக்கல் அதிகபட்சம் இரண்டு வருடம், பாதுகாப்புப் பயிற்சியை ஐந்து வருடத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும், பாஸ்போர்ட்டுக்குப் பத்து வருடம். முடியும் தேதியில் பெயர் தொடங்கினால், எது முதலில் காலாவதியாகிறதோ அது பட்டியலின் தலையில் நிற்கும். வெளிநாட்டுக்கு விண்ணப்பிக்கும் நர்ஸ் பிள்ளைகளுக்கும் இதையே சொல்வேன்.

கான்டாக்ட் பற்றிக் கேட்டிருந்தீர்கள். தண்டர்பேர்ட்டில் இரண்டு முகவரிப் புத்தகம் தொடக்கத்திலேயே இருக்கும். ஒன்று நீங்கள் சேர்ப்பது. மற்றொன்று, நீங்கள் யாருக்கு மெயில் அனுப்பினாலும் அந்த முகவரியைத் தானாகச் சேர்த்துவைப்பது. தப்பாக அடித்த முகவரியும் இரண்டாவதில் சேர்ந்து, அடுத்த தடவை முதல் எழுத்தை அடித்ததும் அதுவே முன்னால் வந்து நிற்கும். விலைப் பட்டியல் வேறு கம்பெனிக்குப் போய்விட இது ஒன்று போதும். மாதம் ஒரு தடவை அதைத் திறந்து பழுதானவற்றை நீக்குங்கள். போனில் உள்ள கூகுள் கான்டாக்ட்டைத் தண்டர்பேர்ட்டிலும் இணைத்துக்கொள்ளலாம். இணைக்கும் முன் கூகுள் கான்டாக்ட்ஸ் பக்கத்தில் இரட்டைப் பதிவுகளை ஒன்றாக்கும் வசதியைப் பயன்படுத்திச் சுத்தம் செய்துவிடுங்கள். கான்டாக்ட்டில் பெயரோடு ஊரையும் வேலையையும் எழுதுங்கள். நம் மாவட்டத்தில் ஒரே பெயரில் எத்தனை பேர்! வெறும் ‘ராஜன்’ என்று நாலு பேர் இருந்தால் ஒரு பயனும் இல்லை, ‘ராஜன் தக்கலை லாரி’ என்றால் யாரென்று தெரியும்.

கான்டாக்ட்டுக்கு நகல் எடுக்கும்போது விகார்டு என்ற, கான்டாக்ட்டுக்கென்றே உள்ள கோப்பு வடிவத்தில் எடுங்கள். சிஎஸ்வி என்ற அட்டவணைக் கோப்பாக எடுத்து அதை நேராக எக்செல்லில் திறந்தால் தமிழ்ப் பெயர்கள் புரியாத குறிகளாகத் தெரியும் வாய்ப்பு அதிகம், அதைத் தெரியாமல் சேமித்தால் பெயர்கள் போய்விடும்.

மெயிலைக் கம்ப்யூட்டருக்கு இறக்கிய பிறகு அந்த ஒரு டிஸ்க்கை நம்பி இருக்கக்கூடாது. தண்டர்பேர்ட்டின் உதவிப் பட்டியலில் உள்ள பழுதறியும் தகவல் பக்கத்திலிருந்து ‘ப்ரொஃபைல்’ ஃபோல்டரைத் திறக்கலாம். தண்டர்பேர்ட்டை மூடிவிட்டு அந்த ஃபோல்டரை முழுதாக ஒரு வெளி ஹார்டு டிஸ்க்கில் நகல் எடுங்கள். மெயில், கான்டாக்ட், ஃபில்டர் மூன்றும் அதில் அடக்கம். நீங்கள் வெளியே எடுத்துவைத்த அட்டாச்மென்ட் ஃபோல்டர் இதில் வராது, அதைத் தனியாக எடுக்க வேண்டும்.

வீட்டில் அப்பா அம்மாவுக்குப் பாஸ்போர்ட்டுக்காகவோ ஓய்வூதியத்துக்காகவோ திறந்துகொடுத்த ஜிமெயில் இருந்தால் அதையும் இதே சூட்டில் பாருங்கள். இரண்டு வருடம் யாரும் நுழையாத கணக்கைக் கூகுள் நீக்கிவிடலாம். மீட்பு எண்ணாக வளைகுடாவுக்குப் போன மகனின் பழைய ஊர் சிம் இருந்தால், ரீசார்ஜ் இல்லாமல் அந்த எண் கைவிட்டுப் போயிருக்கும். இப்போது கையில் ஓடும் எண்ணாக அதை மாற்றிவிட்டு, ஒரு தடவை உள்ளே நுழைந்து பார்த்துவிடுங்கள்.