நிறைவேற்று எம்.பி.ஏ முன்மொழிவு: வேலையில் இருப்பவரின் வாரத்தில் இருந்து தொடங்குங்கள்

வடக்கில் வேலையை விடாமல் படிக்கக்கூடிய நிறைவேற்று எம்.பி.ஏ கற்கைநெறி ஒன்றை முன்மொழிய நினைக்கும் விரிவுரையாளர்களும், அதைப் படிக்க விரும்பும் உத்தியோகத்தர்களும் வியாபாரிகளும் அனுப்பிய கேள்விகள் இவை. பாடத்திட்ட வடிவமைப்பும் முன்மொழிவு மீளாய்வும் தெரிந்த ஒருவர் பதில் தருகிறார்.

சேர், பாடப் பட்டியலைப் போட்டு முடிச்சிட்டம். 15 பாடம், 2 வருஷம், 60 கிரெடிட். அடுத்து என்ன செய்யவேணும்? (விரிவுரையாளர், திருநெல்வேலி)

அந்தப் பட்டியலை ஒரு பக்கம் வைத்துவிட்டு, முதலில் மணிக்கணக்கைப் போடுங்கள். இலங்கைத் தகைமைச் சட்டகத்தில், அதாவது எஸ்.எல்.கியூ.எப்பில், பாட வகுப்புக்கு ஒரு கிரெடிட் என்றால் 50 மணி நேரக் கற்றல். வகுப்பு, வாசிப்பு, ஒப்படை, பரீட்சை எல்லாம் அதற்குள் அடங்கும். ஆய்வுக்கு ஒரு கிரெடிட் குறைந்தது 100 மணி.

உங்கள் 60 கிரெடிட்டில் 15 ஆய்வு, 45 பாடம் என்று வைப்போம். 45 × 50 = 2250. 15 × 100 = 1500. மொத்தம் 3750 மணி. 2 வருடம் 104 வாரம். வாரத்துக்கு 36 மணி வருகிறது. வாரம் 40 மணி வேலை செய்யும் ஒருவரிடம் இன்னொரு முழுநேர வேலையைக் கேட்கிறோம். படிக்க வருபவர் அதைச் செய்யமாட்டார், செய்யவும் முடியாது. நடப்பது என்னவென்றால், பாடங்கள் ஒருவாறு முடியும், ஆய்வு அப்படியே கிடக்கும், பட்டம் வராது.

இதற்கு இரண்டு நேர்மையான வழிகள் உண்டு. 60 கிரெடிட் வேண்டுமென்றால் 3 வருடம் என்று எழுதுங்கள், வாரத்துக்கு 24 மணி வரும். இல்லையென்றால் அதே சட்டகத்தின் 9ஆம் மட்டத்தில், பாடங்களை மட்டும் கொண்ட 30 கிரெடிட் முதுமாணி. 1500 மணி, 18 மாதம், வாரத்துக்கு ஏறக்குறைய 19 மணி. நிறைவேற்று என்ற சொல்லுக்கு இரண்டாவதுதான் பொருந்தும் என்பது என் முடிவு. 1943இல் சிக்காகோ பல்கலைக்கழகம் முதல் நிறைவேற்று எம்.பி.ஏவைத் தொடங்கியபோதும், பதவியில் இருப்பவர் பதவியை விடாமல் படிக்கவேண்டும் என்பதே நோக்கம்.

30 கிரெடிட் எண்டால் மதிப்புக் குறைஞ்ச எம்.பி.ஏ எண்டு சொல்லமாட்டினமோ? (வங்கி உத்தியோகத்தர், கோண்டாவில்)

9ஆம் மட்டமும் முதுமாணி மட்டம்தான். வித்தியாசம் ஆய்வில் இருக்கிறது: 10ஆம் மட்டத்துக்கு 60 கிரெடிட், அதில் குறைந்தது 15 ஆய்வு. பின்னர் கலாநிதிப் பட்டம் செய்யும் எண்ணம் இருந்தால் 10ஆம் மட்டத்தைத் தேடுங்கள். கிளை முகாமையாளராக, பிராந்திய முகாமையாளராக வரவேண்டும் என்றால் 9 போதும். விளம்பரத்தில் மட்டத்தின் எண் கட்டாயம் இருக்கவேண்டும். அதை மறைத்து 'எம்.பி.ஏ' என்று மட்டும் போடும் இடத்தில் காசு கட்டாதீர்கள்.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில ஏற்கெனவே எம்.பி.ஏ இருக்கு. இன்னொண்டு ஏன் எண்டு மூதவையில (செனட்டில) கேட்டால்? (விரிவுரையாளர்)

கட்டாயம் கேட்பார்கள். 'தேவை அதிகரித்துள்ளது' என்று எழுதினால் நிற்காது. யாருக்கு என்பதில் வேறுபாட்டைக் காட்டவேண்டும். வழமையான எம்.பி.ஏவுக்குப் பட்டம் முடித்துச் சில வருடங்களான இளையவர்கள் வரலாம். நிறைவேற்றுக் கற்கைநெறிக்கு ஆட்களையும் பாதீட்டையும் கையில் வைத்திருப்பவர் வரவேண்டும்: ஆஸ்பத்திரி நிர்வாகி, கூட்டுறவுச் சங்கப் பொது முகாமையாளர், ஹோட்டல் முகாமையாளர், தகவல் தொழில்நுட்ப நிறுவனத்தில் குழு நடத்துபவர், பனை உற்பத்தி ஏற்றுமதியாளர். இரண்டு கற்கைநெறிகளையும் ஒரே அட்டவணையில் பக்கத்தில் பக்கத்தில் போடுங்கள்: அனுமதித் தகைமை, அனுபவ வருடம், கிரெடிட், மட்டம், வகுப்பு நேரம், மதிப்பீட்டு முறை. 60 வீதப் பாடம் ஒரே பெயரில் வந்தால், புதிதாக ஒன்று தேவையில்லை. இருப்பதைத் திருத்துவதே நல்லது.

தேவைக் கணிப்பீட்டுக்கு கூகுள் படிவம் அனுப்பினம். கனபேர் 'விருப்பம்' எண்டு போட்டிருக்கினம். காணும்தானே?

காணாது. 'விருப்பமா' என்று கேட்டால் யாரும் இல்லை என்று சொல்லமாட்டார்கள். நான்கு கேள்வி போதும்: கட்டணம் இவ்வளவு என்றால் சேர்வீர்களா, காசை நீங்கள் கட்டுவீர்களா நிறுவனம் கட்டுமா, சனிக்கிழமை வேலை உண்டா, எந்த ஊரில் இருந்து வருவீர்கள். இந்த நான்குக்கும் சாதகமாகப் பதில் சொன்னவர்களிலும் மூன்றில் ஒரு பங்கை மட்டும் கணக்கில் எடுங்கள். அத்துடன் ஐந்தாறு நிறுவனங்களிடம், 'எங்கள் உத்தியோகத்தருக்கு மாதத்தில் இத்தனை சனிக்கிழமை விடுவிப்புத் தருவோம்' என்று கடிதம் வாங்குங்கள். ஒரு கடிதம் நூறு படிவத்தை விடப் பெறுமதியானது.

அங்கீகாரம் எந்த வழியால போகும்?

துறை, பீடச் சபை, உயர் பட்டப் படிப்புகள் பீடம், மூதவை, பேரவை (கவுன்சில்), பிறகு பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு. சபைகள் பொதுவாக மாதம் ஒருமுறை கூடும். நிகழ்ச்சிநிரல் முடிந்த அடுத்த நாள் கொடுத்தால் ஒரு மாதம் போய்விட்டது. திருத்தத்துக்குத் திரும்பினால் இன்னும் இரண்டு. ஆகையால் வெளி மீளாய்வாளர்களின் அறிக்கையை முதலிலேயே பெற்று, ஒவ்வொரு குறிப்புக்கும் என்ன திருத்தினோம் என்று ஒரு பக்கம் சேர்த்து அனுப்புங்கள். அந்தப் பக்கம் இல்லாமல்தான் பல முன்மொழிவுகள் திரும்பி வருகின்றன.

இடையில் நிற்பவருக்கு வழி வைக்கவும் மறக்காதீர்கள். 20 கிரெடிட் முடித்தவருக்கு 7ஆம் மட்டப் பட்டப்பின் சான்றிதழ், 25 முடித்தவருக்கு 8ஆம் மட்டப் பட்டப்பின் டிப்ளோமா. இடமாற்றம் வந்தவர், பிள்ளை பிறந்தவர், வெளிநாடு போனவர் வெறுங்கையோடு போகக்கூடாது.

கற்றல் பேறுகள் எழுதுறதுதான் எங்களுக்குச் சிக்கல். ஒரு உதாரணம் தரமுடியுமோ?

நிதி முகாமைத்துவத்தில் இருந்து ஒன்றைப் பார்ப்போம். பெரும்பாலும் 'தொழிற்படு மூலதனத்தின் முக்கியத்துவத்தை விளங்கிக்கொள்வார்' என்றுதான் எழுதிவருவார்கள். விளங்கிக்கொண்டாரா என்பதை எப்படி அளப்பது? அதனால் மதிப்பீடும் 'விளக்குக' என்ற பரீட்சைக் கேள்வியாகவே போய்விடும்.

இப்படி எழுதிப் பாருங்கள்: 'தமது நிறுவனத்தின் காசுச் சுழற்சி நாட்களைக் கணித்து, அதைக் குறைக்கும் திட்டத்தை முகாமைக்கு முன்வைப்பார்.' காசுச் சுழற்சி நாட்கள் என்றால் சரக்குக்குக் கட்டிய காசு திரும்பக் கைக்கு வர எடுக்கும் நாட்கள். மதிப்பீடு தானாக வந்துவிடும். காங்கேசன்துறை வீதியில் கட்டடப் பொருட்கடை நடத்தும் மாணவர் ஒருவரை எடுங்கள். சரக்கு கடையில் கிடப்பது 60 நாள். கடனுக்குக் கொண்டுபோன மேசன்மாரும் ஒப்பந்தகாரரும் காசு தர 45 நாள். கொழும்பு விநியோகத்தருக்குக் கட்ட அவருக்குக் கிடைக்கும் தவணை 30 நாள். 60 + 45 − 30 = 75 நாள். ஒரு நாளைக்கு 2 இலட்சம் ரூபா பெறுமதியான சரக்கு ஓடுகிறது என்றால் 150 இலட்சம் முடங்கிக் கிடக்கிறது. கடன் வசூலை 45இல் இருந்து 30க்குக் கொண்டுவந்தால் ஏறக்குறைய 30 இலட்சம் கைக்கு வரும். வங்கி மேலதிகப்பற்றில் ஓடும் கடைக்கு அந்த வட்டி மிச்சம்.

இந்த ஒப்படைக்கு நான்கு பக்கம் போதும். ஒரு பக்கம் கணிப்பு, ஒரு பக்கம் காரணம், ஒரு பக்கம் திட்டம். கடைசிப் பக்கத்தில் அந்தத் திட்டம் எங்கே பிழைக்கும் என்று எழுதவேண்டும்: கடனை இறுக்கினால் எந்த வாடிக்கையாளர் பக்கத்துக் கடைக்குப் போவார் என்பது கடைக்காரருக்குத் தெரியும், புத்தகத்துக்குத் தெரியாது. அந்தக் கடைசிப் பக்கத்துக்குக் கூடுதலான புள்ளி கொடுங்கள். பாடத்துக்கு இப்படி நான்கைந்து பேறுகள் போதும். பத்து எழுதினால் ஐந்து அளக்கப்படாமலே போகும்.

கட்டணம், ஆகக்குறைந்த மாணவர் தொகை எப்பிடித் தீர்மானிக்கிறது? (நிதி உதவியாளர்)

ஒரு மாதிரிக் கணக்குப் போடுவோம். உங்கள் இடத்து வீதங்களை மாற்றிப் போடுங்கள். பாட வகுப்பில் ஒரு கிரெடிட்டுக்கு 15 மணி நேரடி வகுப்பு என்று கொண்டால் 30 கிரெடிட்டுக்கு 450 மணி. மணிக்கு 6,000 ரூபா என்றால் கற்பித்தல் 27 இலட்சம். வெளியூர் விரிவுரையாளரின் பயணமும் தங்குமிடமும் 6 இலட்சம். இணைப்பாளர், அலுவலகம், 18 மாதத்துக்கு 18 இலட்சம். பரீட்சையும் இரண்டாம் திருத்தலும் 5. விளம்பரம் 3. நூலகம், மென்பொருள் 5. மொத்தம் 64 இலட்சம். மாணவர் ஒருவர் கூடினாலும் குறைந்தாலும் இது மாறாது.

கட்டணம் 5 இலட்சம், பல்கலைக்கழகப் பங்கு 20 வீதம், ஒரு மாணவருக்கான நேரடிச் செலவு 40,000. மிஞ்சுவது ஒருவரிடம் 3 இலட்சத்து 60 ஆயிரம். 64ஐ 3.6ஆல் வகுத்தால் 17.8, அதாவது 18 பேர்.

இங்கேதான் பலர் நின்றுவிடுகிறார்கள். கட்டணம் இரண்டு தவணை, பாதியில் 4 பேர் விலகுகிறார்கள் என்றால், ஒவ்வொருவராலும் 3.6இன் பாதி, 1.8 இலட்சம் இழப்பு, மொத்தம் 7.2. 18 பேரோடு தொடங்கினால் நட்டம். 20 பேரோடு தொடங்கினால்தான் தலை தப்பும். ஆகவே 'ஆகக்குறைந்த உள்வாங்கல் 20, அதற்குக் குறைந்தால் தொடங்கப்படாது, முற்பணம் திருப்பித் தரப்படும்' என்று முன்மொழிவிலேயே எழுதிவிடுங்கள். 12 பேரோடு தொடங்கி, வருகைதரு விரிவுரையாளருக்குக் காசு இல்லாமல் பாடங்களை ஒன்றாக்கும் நிலை மாணவருக்குச் செய்யும் அநியாயம்.

நான் வவுனியா. ஒவ்வொரு சனி ஞாயிறும் யாழ்ப்பாணம் வந்து போகேலாது.

வரவேண்டியதில்லை, அட்டவணையை அப்படி அமைக்கலாம். 450 மணியில் மூன்றில் ஒன்றை, 150 மணியை, இணையவழியில் வைத்தால் நேரடி வகுப்பு 300 மணி. சனி 6, ஞாயிறு 6 என்று வார இறுதிக்கு 12. 25 வார இறுதிகள். 78 வாரத்தில் மூன்று வாரத்துக்கு ஒரு தடவை வந்தால் போதும். மன்னார், முல்லைத்தீவுக்காரருக்கும் இது தாங்கும். ஞாயிறு வகுப்பைப் பிற்பகல் 3 மணிக்குள் முடியுங்கள். 5 மணிக்கு விட்டால் தூரத்தவர் வீடு போய்ச் சேர இரவாகிவிடும், திங்கள் காலை வேலை. இணையவழி வகுப்பு ஒரு மாலையில் 2 மணி நேரத்துக்கு மேல் போகவேண்டாம். அதில் விரிவுரை வாசிக்காமல் கணக்கும் கலந்துரையாடலும் செய்யுங்கள்.

நாட்காட்டியையும் சேர்த்துப் பாருங்கள். நல்லூர்த் திருவிழாவின் 25 நாளில் நேரடி வகுப்பு வைத்தால் வீதி மூடல், விருந்தாளிகள், விரதம் என்று வகுப்பறை பாதியாகும். டிசம்பரில் அரச கணக்குகள் முடிவதால் அரச உத்தியோகத்தர் வரமாட்டார். மார்ச் கடைசி, வரி வருட முடிவு, கணக்காளர்களுக்கு நெருக்கடி. இந்த இடைவெளிகளைக் கழித்தால் வாரச் சுமை 19இல் இருந்து 22, 23 மணிக்கு ஏறும். அந்தக் கூடிய எண்ணைத்தான் விண்ணப்பதாரிக்குச் சொல்லவேண்டும்.

சுன்னாகத்தில கடை நடத்துறன். பட்டம் இல்லை, 14 வருஷ அனுபவம் இருக்கு. சேரலாமோ?

அனுபவம் மட்டும் என்றால் நேரடியாக முதுமாணிக்குப் போவது கடினம். பட்டத்துக்குச் சமமான மட்டத்தில் தொழில்சார் தகைமை ஒன்று இருந்தால், அதை அந்தக் கற்கைநெறியின் ஒழுங்குவிதி ஏற்கிறதா என்று பாருங்கள். முன்மொழிவு எழுதுபவர்களுக்கும் இதே சொல்: எந்தத் தகைமை ஏற்கப்படும் என்று பெயர் பெயராக எழுதுங்கள், 'சமமான தகைமை' என்று விட்டால் ஒவ்வொரு நேர்முகத்திலும் சண்டை. அனுபவச் சான்றையும் வரையறுங்கள். சம்பளக்காரருக்கு ஊழியர் சேமலாப நிதிக் கூற்றும் நியமனக் கடிதமும். சொந்தத் தொழில் செய்பவருக்கு வியாபாரப் பெயர்ப் பதிவும் வரிக் கோவையும்.

ஆங்கிலத்தில கதைக்கப் பயம். அதால வேண்டாம் எண்டு நினைக்கிறன். (கூட்டுறவுச் சங்க உத்தியோகத்தர், சாவகச்சேரி)

நிற்காதீர்கள், தங்கச்சி. எழுத்து ஆங்கிலத்தில் இருந்தாலும் குழுக் கலந்துரையாடல் தமிழில் நடக்கலாம், நல்லாக நடக்கும். முன்மொழிவில் முதல் பருவத்துக்கு முன்னர், கிரெடிட் இல்லாத ஒரு ஆயத்தப் பாடம் 30 மணி வையுங்கள்: அறிக்கை எழுதுதல், எக்செல், அடிப்படைக் கணக்கீடு. பொறியியலாளருக்குக் கணக்கீடு பயம், கணக்காளருக்குப் புள்ளிவிபரம் பயம், ஆங்கிலம் மட்டுமல்ல.

வெளிநாட்டுப் பல்கலைக்கழக எம்.பி.ஏ எண்டு ரவுணில விளம்பரம் கிடக்கு. எப்பிடி நம்புறது?

பட்டத்தைத் தருவது யார் என்று கேளுங்கள், வகுப்பு நடத்தும் நிறுவனம் அல்ல. அந்த வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தை இலங்கையில் ஏற்றுக்கொள்வார்களா என்று பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவிடமே எழுத்தில் கேளுங்கள். உள்ளூர்த் தனியார் நிறுவனம் தானே பட்டம் தருவதாகச் சொன்னால், 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகச் சட்டத்தின் 25அ பிரிவின் கீழ் அந்தக் குறிப்பிட்ட பட்டத்துக்கு அங்கீகாரம் உண்டா என்று கேளுங்கள். ஒரு பட்டத்துக்கு இருப்பது மற்றதற்கும் இருக்கிறது என்று ஆகாது.

ஒப்படையை செயற்கை நுண்ணறிவு எழுதித் தருது. சொந்த நிறுவனத் தரவைத் தரவும் ஆட்கள் பயப்படினம். என்ன செய்யலாம்?

இரண்டுக்கும் ஒரே இடத்தில் விடை உண்டு. ஒப்படைப் புள்ளியில் பாதியை 10 நிமிட வாய்மொழிக் கேள்விக்குக் கொடுங்கள். கடன் வசூலுக்கு 45 நாள் என்பது எங்கே இருந்து வந்தது, எந்தப் பேரேடு, எந்த மாதம் அது கூடியது என்று கேட்டால் தானே செய்தவர் உடனே சொல்வார். தரவுக்கு, நிறுவனத் தலைவரின் அனுமதிக் கடிதமும், எல்லாத் தொகையையும் ஒரே எண்ணால் பெருக்கி மாற்றி எழுத அனுமதியும் போதும். விகிதங்கள் மாறாது, இரகசியமும் போகாது. வாடிக்கையாளர் பெயர்களுக்கு எழுத்து அடையாளம் போடச் சொல்லுங்கள்.

கடைசியா, மீளாய்வாளர் எந்தப் பக்கத்தை முதல்ல பார்ப்பார்?

ஆளணிப் பக்கம். ஒவ்வொரு பாடத்துக்கும் எதிரே யார் கற்பிப்பார், அவரது தகைமை, வாரத்தில் ஏற்கெனவே எத்தனை மணி சுமை என்று இருக்கவேண்டும். ஒரே மூன்று பெயர்கள் எல்லாப் பாடத்துக்கும் வந்தால் முன்மொழிவு அங்கேயே நிற்கும். வருகைதரு விரிவுரையாளரின் சம்மதக் கடிதம் இல்லாமல் பெயரைப் போடாதீர்கள். ஒவ்வொரு பாடத்துக்கும் இரண்டாவது ஆளின் பெயரையும் எழுதுங்கள். முதலாமவர் கல்வி விடுமுறையில் போனால் வகுப்பை எடுக்கப்போவது அவர்தான்.