அதே 350 தானே என்று வாங்கிவிடாதீர்கள்

கேள்வி: என்னிடம் 1972 ஷெவர்லே சி10 பிக்கப் இருக்கிறது. 350 கன அங்குல வி8 இன்ஜின், ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ். ஆயிலில் தண்ணீர் கலந்து மோர் நிறத்துக்கு வந்துவிட்டது. மெஷின் ஷாப்பில் பிளாக்கில் விரிசல் என்று சொல்லிவிட்டார்கள். ஒரு வியாபாரி 1990 பிக்கப்பிலிருந்து கழற்றிய 350 இன்ஜின் தருகிறேன் என்கிறார். “அதே இன்ஜின்தான், அப்படியே உட்கார்ந்துவிடும்” என்று உறுதியாகச் சொல்கிறார். வாங்கலாமா?

பதில்: வாங்கலாம். ஆனால் அப்படியே உட்காராது. உட்காரும் என்று சொல்கிறவர் அதை வண்டியில் ஏற்றிப் பார்த்தவராக இருக்க மாட்டார்.

முதலில், அது 350 தானா? இந்தக் கேள்வியைத்தான் யாரும் கேட்பதில்லை. 1976 முதல் 305 என்று இதற்கு ஒரு தம்பி இன்ஜின் இருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. பிஸ்டன் மேலும் கீழும் போகிற தூரம்கூட இரண்டிலும் ஒன்றுதான், 3.48 அங்குலம். சிலிண்டரின் விட்டம் மட்டும் 350-இல் 4 அங்குலம், 305-இல் 3.736. 1990 பிக்கப்பில் 305-உம் வந்தது, 350-உம் வந்தது. 305-க்கு ஆரஞ்சு பெயிண்ட் அடித்து 350 என்று விற்பது இந்தத் தொழிலில் ரொம்பப் பழைய வித்தை.

ஒரு டார்ச்சும் வயர் பிரஷ்ஷும் எடுத்துக்கொண்டு போங்கள். இன்ஜினின் பின்பக்கம், கியர்பாக்ஸ் வந்து சேரும் விளிம்பின் மேல், டிரைவர் பக்கம் வார்ப்பு எண் இருக்கும். அழுக்கைச் சுரண்டினால் தெரியும். 14093638 என்று இருந்தால் அது அந்தக் காலத்து 350 பிளாக். பிற்காலப் பிளாக்குகள் பலவற்றில் 5.0 அல்லது 5.7 என்று லிட்டர் கணக்கும் வார்ப்பிலேயே இருக்கும். 5.0 என்றால் 305, மேற்கொண்டு பேசாமல் திரும்பிவிடுங்கள். எண்ணைப் படம் பிடித்து அனுப்பச் சொல்லும்போது வியாபாரி இழுத்தடித்தால், அந்த இன்ஜின் அவர் கையில் இல்லை என்று வைத்துக்கொள்ளலாம். இப்போது பாதிப் பேர் தரகர்கள். உங்கள் பணம் வந்த பிறகுதான் எந்த யார்டில் இன்ஜின் இருக்கிறது என்று தேடவே ஆரம்பிப்பார்கள். பளபளவென்று புது பெயிண்ட் இருந்தால் எனக்குச் சந்தேகம் கூடத்தான் செய்யும். பழைய இன்ஜின் பழையதாகத் தெரிவதே நல்லது. எங்கே ஆயில் கசிந்தது, எங்கே கேஸ்கட் போயிருக்கிறது என்று அந்த அழுக்கே காட்டிக் கொடுக்கும்.

சரி, 350 தான் என்று உறுதியாகிவிட்டது. அடுத்து இன்ஜினின் பின்பக்கம் போய் நின்று கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) முனையைப் பாருங்கள். உங்கள் கேள்விக்கான பதில் முழுக்க அங்கேதான் இருக்கிறது.

1985 வரை வந்த 350-இல் கிராங்கின் பின்பக்க ஆயில் சீல் இரண்டு துண்டு. 1986 முதல் ஒரே வளையம். கசிவு குறையட்டும் என்று செய்த நல்ல மாற்றம்தான். ஆனால் சீலோடு சேர்த்து கிராங்கின் பின்முனையையும் மாற்றிவிட்டார்கள். பழையதில் ஃபிளெக்ஸ் பிளேட் (இன்ஜினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் வட்டத் தகடு) போல்ட்டுகள் 3.58 அங்குல வட்டத்தில் இருக்கும், புதியதில் 3 அங்குல வட்டத்தில். ஆக, உங்கள் 1972 இன்ஜினில் இருந்த ஃபிளெக்ஸ் பிளேட் 1990 இன்ஜினில் ஏறவே ஏறாது. துளையை அரம் போட்டுப் பெரிதாக்கி மாட்டியவர்களையும் நான் பார்த்திருக்கிறேன். அதைப் பற்றிப் பேச வேண்டாம்.

ஏறாததுகூடப் பரவாயில்லை, அங்கேயே நின்றுவிடுவோம். தவறானது ஏறிவிடுவதுதான் ஆபத்து. பழைய கிராங்க் தன் எடையைத் தானே சமன் செய்துகொள்ளும். 1986-க்குப் பிந்தைய கிராங்கில் பின்முனை எடை கொஞ்சம் குறைவு. அந்தக் குறையை ஃபிளெக்ஸ் பிளேட்டில் ஒட்டியிருக்கும் ஒரு சின்ன எடைத்துண்டு ஈடுகட்டுகிறது. 3 அங்குல வட்டத்திலேயே எடைத்துண்டு இல்லாத பிளேட்டும் கடையில் கிடைக்கும், அது பந்தய கிராங்குகளுக்கானது. போல்ட் பொருந்துகிறதே என்று அதை மாட்டினால் ஐடிலில் ஒன்றும் தெரியாது. நெடுஞ்சாலையில் வேகம் எடுக்கும்போது ஸ்டியரிங்கும் கண்ணாடியும் உதறும். மவுன்ட்டை மாற்றி, கியர்பாக்ஸைச் சந்தேகப்பட்டு, டயரைச் சமன் செய்து, எல்லாச் செலவும் முடிந்த பிறகுதான் பிளேட் நினைவுக்கு வரும். என் பட்டறையிலேயே ஒருமுறை இப்படி இன்ஜினை இரண்டாம் முறை இறக்கினோம். வாடிக்கையாளரிடம் கூலி கேட்க வாய் வரவில்லை.

அதனால் இன்ஜினை வாங்கும்போதே அதனுடைய ஃபிளெக்ஸ் பிளேட்டையும் சேர்த்துக் கேளுங்கள். “அது தனி விலை” என்பார்கள். கொடுத்து வாங்குங்கள். இன்ஜின் விசையை ஆயில் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டரின் போல்ட் துளைகள் அதில் ஒத்துப்போகின்றனவா என்று தரையிலேயே வைத்துப் பார்த்துவிடுங்கள்.

இங்கே ஒரு விதிவிலக்கைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், இதில் விழுந்தவர்கள் அதிகம். 1970 முதல் 1980 வரை 350-இன் குடும்பத்திலேயே (ஸ்மால் பிளாக் என்பார்கள்) 400 கன அங்குலத்தில் ஓர் இன்ஜின் வந்தது. அதுவும் இரண்டு துண்டு சீல், அதே 3.58 அங்குல வட்டம். ஆனால் அதன் சமன் எடை முழுவதும் வெளியேதான்: பின்னால் ஃபிளெக்ஸ் பிளேட்டில் ஒன்று, முன்னால் கிராங்க் பேலன்சர் என்ற வளையத்தில் ஒன்று. அதன் பாகங்கள் பழைய 350-இல் எந்தத் தடையும் இல்லாமல் ஏறிவிடும். ஏறி உதறும். உங்கள் வண்டிக்கு 50 வயது தாண்டிவிட்டது. இத்தனை ஆண்டில் யார் யார் கை வைத்தார்களோ தெரியாது. 1990 இன்ஜினை விட்டுவிட்டு இன்னொரு பழைய 350 வாங்கலாம் என்று நினைத்தால், அப்போதும் உங்களிடம் இருக்கும் பிளேட்டைக் கையில் எடுத்துப் பாருங்கள். எடைத்துண்டு ஒட்டியிருந்தால் அது பழைய 350-க்கு உரியதல்ல. முன் பேலன்சரின் உட்பக்கத்தையும் பாருங்கள். அதில் ஒரு பக்கம் மட்டும் பள்ளமாகக் குடைந்து இன்னொரு பக்கம் கனமாக இருந்தால் அதுவும் 400-இன் பாகம்தான். ஒரு முனையில் 400, மறு முனையில் 350 என்று கலந்து வைத்திருக்கும் வண்டிகளும் உண்டு. சும்மா நிற்கும்போது நன்றாகத்தான் ஓடும்.

இனி உதிரி வாங்கப் போவீர்கள். கவுன்ட்டரில் கேட்கும் முதல் கேள்வி: என்ன வருடம், என்ன வண்டி? நீங்கள் 1972 சி10 என்பீர்கள். கம்ப்யூட்டர் 1972-க்கு உரிய சம்ப் (அடியில் இருக்கும் ஆயில் தொட்டி) கேஸ்கட்டையும் பின் சீலையும் எடுத்துக் கொடுக்கும். ஒன்றும் பொருந்தாது. 1972 வண்டிக்குள் 1990 இன்ஜின் இருக்கலாம் என்று அந்தக் கம்ப்யூட்டருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. கவுன்ட்டரில் நிற்கும் பையனுக்கும் திரையில் வருவதைப் படிக்கத்தான் சொல்லியிருக்கிறார்கள். வார்ப்பு எண்ணை வைத்துத் தேட ஒரு கட்டம் போட்டால் தீர்ந்துவிடும் விஷயம். போட மாட்டேன் என்கிறார்கள். நீங்களே ஒரு சீட்டு எழுதி பானெட்டின் உட்பக்கம் ஒட்டிவிடுங்கள்: இன்ஜின் பாகம் என்றால் 1990, ரேடியேட்டர், மவுன்ட், கியர்பாக்ஸ் என்றால் 1972.

சம்ப்பும் அப்படித்தான். பின் சீல் மாறியதால் பழைய சம்ப் புதிய பிளாக்கில் உட்காராது, இன்ஜினோடு வந்ததையே வைத்துக்கொள்ளுங்கள். ஆயில் குச்சி டிரைவர் பக்கத்திலிருந்து எதிர்ப்பக்கம் போயிருக்கும், பயப்பட வேண்டாம்.

உங்கள் கார்புரேட்டரையே வைத்து ஓட்டப் போகிறீர்கள் என்று நினைக்கிறேன். 1990 இன்ஜின் ஊசி வழியாக எரிபொருள் தெளிக்கும் வகை, கம்ப்யூட்டர் சொன்னபடி பொறி விடும். பொறியைப் பங்கிடும் அந்த டிஸ்ட்ரிபியூட்டர் தனியாக வேலை செய்யாது, உங்கள் பழையதைச் சுத்தம் செய்து போடுங்கள். கார்புரேட்டர் உட்காரும் பழைய இன்டேக் மேனிஃபோல்டில் சிக்கல் இருக்கிறது. 1987 முதல் ஹெட்டில் நடுவில் இருக்கும் இன்டேக் போல்ட்டுகளின் சாய்வை மாற்றிவிட்டார்கள். ஓரத்தில் இருப்பவை ஏறும், நடுவில் இருப்பவை கோணலாக நிற்கும். சுத்தியலால் சம்மதிக்க வைக்க முயன்றால் ஹெட் திரெட் போய்விடும். 1987-க்குப் பிந்தைய ஹெட்டுக்கான கார்புரேட்டர் மேனிஃபோல்ட் என்று கேட்டு வாங்குங்கள். பழைய மாதிரி இன்ஜின் பக்கவாட்டில் இருக்கும் பெட்ரோல் பம்ப்பை மாட்ட இடமும், அதைத் தள்ளக் கேம்மில் மேடும் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். இல்லாவிட்டால் குறைந்த அழுத்த எலக்ட்ரிக் பம்ப் வைக்க வேண்டியதுதான்.

தண்ணீர் பம்ப். அந்த 1990 இன்ஜினில் ஒற்றை அகலப் பெல்ட் ஓடியிருக்கும். அந்தப் பம்ப் எதிர்த்திசையில் சுற்றுவது. உங்கள் பழைய வி-பெல்ட்டும் புல்லியும் போட்டு, பம்ப்பை மட்டும் மாற்றாமல் விட்டால், தண்ணீர் சரியாகச் சுற்றாது. வண்டி கொதிக்கும். தெர்மோஸ்டாட் மேல் பழி விழும்.

நண்பர்கள் எல்எஸ் என்ற பிற்கால ஷெவர்லே வி8 இன்ஜின் போடச் சொல்லியிருப்பார்கள். 5.3 லிட்டர் நல்ல இன்ஜின், எனக்கும் பிடிக்கும். ஆனால் அதற்கு வயரிங், கம்ப்யூட்டர், உயர் அழுத்த பம்ப், மவுன்ட், சம்ப் எல்லாம் வேறு. வண்டி வாசலில் நிற்கிறது, ஓட வேண்டும் என்பவருக்கு அது வேண்டாம். புகைச் சட்டம் பற்றிய கவலை இருந்தால்: கெடுபிடி அதிகமான கலிபோர்னியாவிலேயே 1975 மற்றும் அதற்கு முந்தைய மாடல்களுக்குப் புகைப் பரிசோதனை கிடையாது.

இப்போது ஏற்றும் வேலை. நிதானம் இல்லாவிட்டால் ஒரு நல்ல கியர்பாக்ஸ் இங்கே செத்துப்போகும். கியர்பாக்ஸ் வண்டியிலேயே இருக்கட்டும். முன் சீலை மட்டும் புதிதாகப் போட்டுவிடுங்கள். இன்ஜின் இல்லாத இந்த நேரத்தை விட்டால் அதற்கு வழியில்லை. டார்க் கன்வெர்ட்டரை உள்ளே தள்ளிச் சுற்றுங்கள். ஒரு முறை ‘கடக்’ என்று இறங்கும். இன்னும் சுற்றுங்கள், இன்னொன்று. மூன்றாவது இறக்கம் கைக்குத் தெரியும்வரை விடாதீர்கள். இரண்டோடு நிறுத்திவிட்டால் கன்வெர்ட்டர் முழுசாக உட்காரவில்லை என்று அர்த்தம்.

பிறகு இன்ஜினை ஹாய்ஸ்ட்டில் தொங்கவிட்டுக் கொண்டுவாருங்கள். பிளாக்கின் பின்பக்கம், கியர்பாக்ஸ் நேராகச் சேர உதவும் இரண்டு டவல் பின் இருக்க வேண்டும். பழைய பிளாக்குகளில் ஒன்று காணாமல் போயிருப்பது சகஜம், அதைப் போடாமல் ஏற்றாதீர்கள். பிளாக்கும் கியர்பாக்ஸின் முன்கூடான பெல்ஹவுசிங்கும் கையால் தள்ளினாலே முகத்தோடு முகம் சேர வேண்டும். ஒரு விரல் இடைவெளி நிற்கிறது, போல்ட் போட்டு முறுக்கினால் இழுத்துவிடும் என்று தோன்றும். அங்கே நிறுத்துங்கள். முறுக்கினால் கியர்பாக்ஸின் உள்ளே ஆயில் பம்ப் உடையும், வண்டி ஒரு அடிகூட நகராது. சரியாகச் சேர்ந்திருந்தால், போல்ட் இறுக்கிய பிறகும் கன்வெர்ட்டர் கையால் சுற்றும். அதற்கும் ஃபிளெக்ஸ் பிளேட்டுக்கும் நடுவே 3 முதல் 5 மில்லிமீட்டர் இடைவெளி இருக்கும். அதன் பிறகுதான் கன்வெர்ட்டர் போல்ட்.

பழைய இன்ஜினைக் கொடுத்தால் டெபாசிட்டைத் திருப்பித் தருவதாகவும் வியாபாரி சொல்லியிருக்கலாம். விரிசல் விட்ட பிளாக்குக்கு அந்தப் பணத்தைப் பெரும்பாலும் தர மாட்டார்கள். “விரிசல் இருந்தாலும் ஏற்றுக்கொள்வோம்” என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள். எழுத மறுத்தால் அந்தத் தொகையையும் இன்ஜின் விலையோடு கூட்டிக் கணக்குப் போடுங்கள். எப்படியானாலும், கார்புரேட்டர், டிஸ்ட்ரிபியூட்டர், தண்ணீர் பம்ப், புல்லிகள், பிராக்கெட்டுகள் எல்லாவற்றையும் கழற்றி வைத்துக்கொண்ட பிறகு அதை அனுப்புங்கள்.