தலசீமியா ரிப்போர்ட்: நிலத்தை இப்போது விற்காதீர்கள்

பாலக்கோடு சகோதரிக்கு,

தலசீமியா என்ற பரம்பரை ரத்தக் குறைபாடு உள்ள மகளின் மரபணு ரிப்போர்ட்டில் இரண்டு மாற்றங்கள் இருப்பதாகவும், ஜீன் சிகிச்சைக்காக நிலத்தை விற்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். இப்போது வேண்டாம்.

ரிப்போர்ட்டில் உள்ள ஐவிஎஸ் 1-5 என்பது மரபணுவில் ஓர் எழுத்து மாறியது. அதனால் ஹீமோகுளோபினில் உள்ள பீட்டா குளோபின் என்ற புரதம் மிகக் குறைவாகவே உருவாகும். இன்னொரு மாற்றமான கோடான் 41/42-இல் (கோடான் என்பது மூன்று எழுத்துத் தொகுதி) நான்கு எழுத்துகள் விடுபட்டிருக்கின்றன. மரபணு மூன்று மூன்று எழுத்தாகப் படிக்கப்படுவதால், அதற்குப்பின் எல்லாமே பிசகி, அந்தப் புரதமே வராது. ஒன்று அப்பாவிடமிருந்து, ஒன்று உங்களிடமிருந்து வந்தது. யார் மேலும் தப்பில்லை, வீட்டில் யாரும் உங்களைக் குறை சொல்ல விடாதீர்கள்.

ஜீன் சிகிச்சையில் குழந்தையின் ஸ்டெம் செல்லை (ரத்த அணுக்களை உருவாக்கும் மூல செல்) எடுத்து, முடக்கிய வைரஸ் வழியாக நல்ல மரபணுவைச் சேர்ப்பது ஒரு வகை. இன்னொரு வகை, 2023-இல் அனுமதி பெற்ற காஸ்கெவி. அது கெட்ட எழுத்துகளைத் தொடுவதே இல்லை. குழந்தை கருவில் இருந்தபோது சுரந்த ஹீமோகுளோபினை மறுபடி சுரக்க வைக்கிறது. இரண்டுக்கும் கடுமையான கீமோ உண்டு. காஸ்கெவி அறிமுகமானபோது அதன் அமெரிக்க விலை 22 லட்சம் டாலர், அனுமதியும் அப்போது 12 வயது நிரம்பியவர்களுக்குத்தான்.

உங்கள் மகளுக்கு ஆறு வயது. முதலில் அவளுடைய தம்பியின் எச்.எல்.ஏ. (மாற்று சிகிச்சைக்குப் பொருத்தம் பார்க்கும் செல் அடையாளம்) பொருந்துகிறதா என்று வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் கேளுங்கள். பொருந்தினால் எலும்பு மஜ்ஜை மாற்று இந்த வயதில்தான் நல்ல பலன் தரும். அதுவரை ரத்தம் ஏற்றுவதையும் இரும்புச்சத்தைக் குறைக்கும் மாத்திரையையும் விடவே கூடாது.