ஆழ அணியும் 4 லட்சம் புள்ளிகளும்: லூப்பை எடுத்துவிடுங்கள்

மண்டபம் முதல் தனுஷ்கோடி வரை கடலாழம், பைத்தானின் எண் கணக்கு நூலகமான நம்பையின் (NumPy) ஓர் அணியில், அதாவது நிரை நிரலாக அடுக்கிய எண் கட்டங்களில், இருக்கிறது. படகுகளின் 4 லட்சம் ஜிபிஎஸ் புள்ளிகளுக்கு ஒவ்வொன்றாக லூப்பில் ஆழம் தேடுகிறீர்கள், முடிய மாட்டேன் என்கிறது என்று எழுதியிருந்தீர்கள்.

லூப் தேவையே இல்லை. அட்சரேகைகள் முழுவதையும் ஒரே அணியாக வைத்துத் தொடக்க மதிப்பைக் கழித்து, கட்ட அளவால் வகுத்து, ஃப்ளோர் எடுத்து (கீழே உள்ள முழு எண்ணுக்கு இறக்கி), முழு எண் வகையாக்குங்கள். அது நிரை எண். தீர்க்கரேகையிலிருந்து அப்படியே நிரல் எண். இரண்டு அணிகளையும் ஒரே சதுர அடைப்புக்குள் காற்புள்ளியிட்டுக் கொடுத்தால், நம்பை அவற்றை ஜோடி ஜோடியாகப் பொருத்தி எல்லா ஆழங்களையும் ஒரே மூச்சில் தந்துவிடும். இரண்டு அடைப்புகளாகப் பிரித்துப் போடாதீர்கள். அது மறுபடியும் நிரைகளைத்தான் எடுக்கும்.

நான் ஒரு மாலை முழுவதும் ஏமாந்த இடம் ஒன்று உண்டு. மண்டபத்துக்கு மேற்கே போன படகுக்கு நிரல் எண் -1 என்று வரும். நம்பை பிழை சொல்லாது. கடைசி நிரல் என்று எடுத்துக்கொண்டு தனுஷ்கோடிப் பக்கத்து ஆழத்தைச் சாதுவாகக் கொடுத்துவிடும்! எண்ணைப் பார்த்தாலும் சந்தேகம் வராது. ஆகவே முதலில் எல்லைக்குள் இருப்பவற்றை மட்டும் பூலியன் அணியால் (ஆம்/இல்லை மதிப்புகளின் அணி) வடிகட்டுங்கள். ஃப்ளோரைத் தவிர்த்து நேரடியாக முழு எண்ணாக்கினால் -0.4 பூஜ்யமாகிவிடும், வெளியே நிற்கும் படகு உள்ளே வந்துவிடும்.

கட்டத்துக்கு எத்தனை புள்ளிகள் என்றும் எண்ணுகிறீர்கள் அல்லவா? இதே முறையில் ஒன்றைக் கூட்டினால், திரும்பத் திரும்ப வரும் கட்டம் ஒரு முறைதான் கூடும். அதற்கு நிரை, நிரல் எண்களை ஒரே கட்ட எண்ணாக்கி, ஒவ்வோர் எண்ணும் எத்தனை முறை வருகிறது என்று எண்ணும் நம்பையின் பின்கவுண்ட் (bincount) பயன்படுத்துங்கள்.