சுஷிக் கடைக்குப் போகுமுன்: சொல்ல வேண்டியதை முன்பதிவிலேயே சொல்லிவிடுங்கள்

கேள்வி: வரும் அக்டோபரில் நானும் மனைவியும் ஒரு வாரம் டோக்கியோவில் இருப்போம். ஓர் இரவு கின்சா பகுதியில் உள்ள உயர்தர சுஷிக் கடை ஒன்றில் சாப்பிட வேண்டும் என்பது எங்கள் ஆசை. இங்கே மால்களில் கிடைக்கும் சால்மன் ரோலைத் தவிர வேறு பச்சை மீன் எதையும் நாங்கள் சாப்பிட்டதில்லை. மனைவிக்கு இறாலும் நண்டும் ஒத்துக்கொள்ளாது. தெரியாமல் சாப்பிட்டுவிட்டால் உடம்பெல்லாம் தடித்துவிடும். எப்படி முன்பதிவு செய்வது, எவ்வளவு செலவாகும், அங்கே எப்படி நடந்துகொள்வது என்று விளக்குவீர்களா?

பதில்: இத்தகைய கடைகளுக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் நடத்தை முறைகளைப் பற்றித்தான் கவலைப்படுகிறார்கள். உங்களைப் பொறுத்தவரை முதலில் பேச வேண்டியது துணைவியாரின் ஒவ்வாமை. நீங்கள் போகவிருக்கும் கடையில் மெனு அட்டை இருக்காது. அன்றைக்குச் சந்தையில் கிடைத்ததைப் பார்த்து, எதை எந்த வரிசையில் தருவது என்பதைச் சமையலரே முடிவு செய்வார். இந்த முறைக்கு ஒமாகாசே என்று பெயர். எட்டிலிருந்து பத்துப் பேர் வரை ஒரு மரக் கவுன்ட்டரைச் சுற்றி உட்கார்ந்திருக்க, எல்லோருக்கும் ஒரே நேரத்தில் ஒரே வரிசையில் சாப்பாடு வரும். ஆகவே உங்கள் தேவைகளைச் சொல்வதற்கு உரிய நேரம் முன்பதிவு செய்யும் நேரம்தானே தவிர, கவுன்ட்டரில் வந்து உட்கார்ந்த பிறகு அல்ல.

வரிசையில் வரும் இறாலை நீக்கிவிட்டு வேறொன்றைத் தருவது எந்தச் சமையலருக்கும் எளிது. ஆபத்து கண்ணுக்குத் தெரியாமல் கலந்திருக்கும் இறாலில்தான் இருக்கிறது. விருந்தின் கடைசியில் கேக்குத் துண்டு போல மென்மையாக ஒரு முட்டைப் பணியாரம் வரும், தமாகோயாகி என்பார்கள். டோக்கியோவின் பழைய மரபைப் பின்பற்றும் கடைகள் பலவற்றில் சிறு இறாலையோ வெள்ளை மீனையோ விழுதாக அரைத்து அந்த முட்டைக் கலவையில் சேர்ப்பது வழக்கம். பார்த்தாலும் தெரியாது, சாப்பிட்டாலும் எளிதில் தெரியாது. சில கடைகள் இறால் தலையைப் போட்டுக் கொதிக்கவைத்த மிசோ (புளிக்கவைத்த சோயா விழுது) சூப்பையும் தருவதுண்டு. எனவே “இறால் வேண்டாம்” என்று மட்டும் எழுதினால் போதாது, “இறால், நண்டு ஆகியவற்றின் சாறும் விழுதும்கூட ஒத்துக்கொள்ளாது, முட்டைப் பணியாரத்திலும் சூப்பிலும் அவை சேருமா?” என்று தெளிவாகக் கேட்டு எழுத வேண்டும். உங்கள் விடுதியின் வரவேற்புப் பிரிவில் சொன்னால் அவர்களே ஜப்பானிய மொழியில் எழுதித் தருவார்கள்.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். சமையலர் இறாலைப் பிடித்த அதே கையால்தான் அடுத்த மீனையும் பிடிப்பார். பலகையும் கத்தியும்கூடப் பொதுவாக ஒன்றுதான். நடுநடுவே துடைத்துக்கொள்வாரே தவிர, ஆய்வகத்தில் போலப் பிரித்து வைக்க அந்தச் சிறிய இடத்தில் வழியில்லை. துணைவியாருக்குத் தோல் தடிப்பதோடு நின்றுவிடுகிறதா, மூச்சுத் திணறல் எப்போதாவது வந்திருக்கிறதா என்பதை மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மூச்சுத் திணறல் வந்திருந்தால் இந்த விருந்தைக் கைவிடுவதே நல்லது என்பது என் கருத்து. கடுமையான ஒவ்வாமை உள்ளவர்களின் முன்பதிவை ஏற்க இயலாது என்று சில கடைகள் மறுத்துவிடுவதும் உண்டு. அதை அவமரியாதையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நேர்மையான கடை அப்படித்தான் சொல்லும்.

பச்சை மீன் குறித்த உங்கள் தயக்கத்துக்கு வருவோம். இன்று உலகமெங்கும் சுஷி என்று அறியப்படும் நிகிரி, அதாவது கையால் பிடித்த சோற்றின் மேல் மீன் துண்டை வைத்துத் தரும் வகை, 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் எடோ என்று அழைக்கப்பட்ட அன்றைய டோக்கியோவில் தெருக்கடை உணவாகப் பரவியது. அதை முதலில் உருவாக்கியவராகப் பொதுவாகச் சொல்லப்படுபவர் ஹனாயா யோஹெய். ஐஸ் பெட்டியும் குளிர்பதனமும் இல்லாத காலம் என்பதால் மீனை அப்படியே வெட்டித் தருவது சாத்தியமாக இருக்கவில்லை. கொஹாதா என்ற வெள்ளி நிறச் சிறு மீனை உப்பிட்டு வினிகரில் ஊறவைத்தார்கள், சூரை மீனைச் சோயா சாஸில் தோய்த்தார்கள், கடல் விலாங்கை மெதுவாக வேகவைத்தார்கள், இறாலை அவித்தார்கள். வெள்ளை மீன்களைக் கடற்பாசித் தாள்களுக்கிடையே வைத்துப் பக்குவப்படுத்தும் முறையும் உண்டு. கின்சாவின் உயர்தரக் கடைகள் இன்றும் பெருமைகொள்வது இந்தக் கைவேலையைப் பற்றித்தான். ஆகவே உங்கள் முன் வரும் ஒவ்வொரு துண்டும் பச்சையாகத்தான் இருக்கும் என்று எண்ண வேண்டாம். நம் கடற்கரையில் அன்று பிடித்த மீனுக்குத்தான் மதிப்பு. அங்கேயோ பெரிய சூரையைச் சுவை கூடுவதற்காகப் பல நாள் குளிரில் வைத்திருந்து எடுப்பார்கள்.

பாதுகாப்பைப் பொறுத்தவரை அச்சுறுத்தல் மிகக் குறைவு, ஆனால் அறவே இல்லை என்று சொல்ல மாட்டேன். கானாங்கெளுத்தி இனத்தைச் சேர்ந்த சபா, சூரை வகையைச் சேர்ந்த கட்சுவோ, கணவாய் போன்றவற்றில் அனிசாக்கிஸ் என்ற ஒட்டுண்ணிப் புழு இருக்கக்கூடும். வினிகரோ உப்போ வசாபி என்ற காரமான பச்சை விழுதோ அதைக் கொல்வதில்லை. மைனஸ் 20 டிகிரியில் 24 மணி நேரம் உறையவைத்தால் அது இறந்துவிடும் என்பது ஜப்பானிய சுகாதாரத் துறையின் வழிகாட்டுதல். உறையவைக்காத மீனில் சமையலரின் கண்ணும் கத்தியும்தான் காவல். கருவுற்றிருப்பவர்களும், நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தவர்களும் பச்சை மீனைத் தவிர்ப்பது நல்லது. விருந்து முடிந்த சில மணி நேரத்தில் கடுமையான வயிற்று வலி வந்தால் விடுதியில் சொல்லி உடனே மருத்துவரிடம் போக வேண்டும். அந்தப் புழுவை எண்டோஸ்கோப் வழியாக எடுத்துவிடுவார்கள்.

என் பரிந்துரை, டோக்கியோ போய்ச் சேர்ந்ததும் முதலில் நடுத்தரக் கடை ஒன்றில் மதியச் சாப்பாடாக சுஷி சாப்பிட்டுப் பாருங்கள் என்பதே. டோக்கியோவின் பழைய சுகிஜி மீன் சந்தையின் மொத்த வணிகம் 2018 அக்டோபரில் அதே நகரின் டொயோசு பகுதிக்கு இடம் மாறியது; அந்தப் புதிய சந்தைக் கட்டடங்களுக்குள்ளேயே சுஷிக் கடைகள் இருக்கின்றன. அங்கே சாப்பிட்டுப் பார்த்து, பச்சை மீனின் வழவழப்பு உங்கள் நாக்குக்குப் பிடிக்கிறதா என்று தெரிந்துகொண்ட பிறகு பெரிய கடைக்குப் போவது பணத்துக்கும் நல்லது, மனத்துக்கும் நல்லது. உங்களுக்குப் பழகிய சால்மனை கின்சாவில் எதிர்பார்க்க வேண்டாம். பச்சை சால்மனைச் சுஷியாகச் சாப்பிடும் பழக்கம் 1980களில் நார்வே நாட்டு மீன் ஏற்றுமதியாளர்கள் தொடங்கிய முயற்சியால் ஜப்பானில் பரவியது. மரபு பேணும் கவுன்ட்டர்களில் அது அரிதாகவே வரும். அதற்குப் பதிலாக அக்டோபரில் சால்மன் முட்டையும், வடக்கிலிருந்து கொழுத்துத் திரும்பும் கட்சுவோவும் நல்ல பருவத்தில் இருக்கும். உங்கள் நேரம் நன்றாகவே அமைந்திருக்கிறது.

முன்பதிவைப் பல கடைகள் ஒன்று அல்லது இரண்டு மாதங்களுக்கு முன் குறிப்பிட்ட நாளில் திறக்கின்றன. பெயர்பெற்ற இடங்கள் சீக்கிரமே நிறைந்துவிடும். டேபிள்செக், ஒமாகாசே போன்ற இணையதளங்கள் வழியாக ஆங்கிலத்திலேயே பதிவு செய்யலாம். சில கடைகள் விடுதி மூலமாகவோ, ஏற்கெனவே வருகிற வாடிக்கையாளரின் அறிமுகத்தாலோதான் இடம் தரும். பல ஆண்டுகள் மிஷெலின் உணவக வழிகாட்டியில் மூன்று நட்சத்திரம் பெற்றிருந்த கின்சாவின் சுகியாபாஷி ஜிரோ, பொதுமக்களிடமிருந்து முன்பதிவு ஏற்பதில்லை என்ற காரணத்தால் 2019 நவம்பரில் வெளியான பதிப்பில் சேர்க்கப்படவில்லை. அப்படிப்பட்ட கடைகளைத் துரத்துவதில் பொருளில்லை. இடம் கிடைக்கிற நல்ல கடைகள் அந்த ஊரில் ஏராளம். சந்தைக்கு ஞாயிற்றுக்கிழமைகளிலும் பல புதன்கிழமைகளிலும் விடுமுறை என்பதால், பல சுஷிக் கடைகளும் அந்த நாள்களில் மூடியிருக்கும். நாளை அதற்கேற்பத் தேர்ந்தெடுங்கள்.

செலவு என்று பார்த்தால், உயர்தரக் கடைகளில் மதிய ஒமாகாசே பொதுவாக ஒருவருக்கு 10,000 முதல் 20,000 யென் வரையிலும், இரவு 30,000 யென்னிலிருந்து 50,000 யென்னுக்கு மேலும் போகும். பானங்கள் தனி, அறிவித்த விலையில் 10 சதவீத நுகர்வு வரி சேர்ந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். டிப்ஸ் தரும் வழக்கம் கிடையாது. பதிவு செய்யும்போது கிரெடிட் கார்டு எண் கேட்பார்கள். கடைசி நேரத்தில் ரத்து செய்தால் முழுத் தொகையையும் பிடித்துக்கொள்ளும் கடைகள் பல, ஏனென்றால் உங்கள் இரண்டு நாற்காலிகளுக்கான மீனை அவர்கள் அன்று காலையிலேயே வாங்கியிருப்பார்கள். தாமதமாகப் போனாலும் இதே சிக்கல்தான்: எல்லோருக்கும் ஒன்றாகப் பரிமாறுவதால் உங்களுக்காக மற்றவர்கள் காத்திருக்க நேரிடும்.

இனி கவுன்ட்டர். கேட்கும்போது ஏராளமான விதிகள் இருப்பதாகத் தோன்றும். அவற்றில் முக்கால்வாசியும் சோற்றின் சூட்டிலிருந்து பிறந்தவை. வினிகரும் உப்பும் கலந்த அந்தச் சோற்றை ஏறத்தாழ நம் உடம்பின் சூட்டில் வைத்திருப்பார்கள். சில கடைகளில் அது இளம்பழுப்பாக இருக்கும். சாக்கே மதுவின் வண்டலைப் பல ஆண்டு பழக்கி எடுத்த சிவப்பு வினிகரைச் சேர்ப்பதால் வரும் நிறம் அது. சமையலரின் கைகளைக் கவனியுங்கள். வலக்கை மரப்பெட்டியிலிருந்து சோற்றை எடுத்து உருட்டும்போதே இடக்கை விரல்களின் மேல் மீன் துண்டு வந்துவிடும். ஆள்காட்டி விரல் நுனியால் துளி வசாபியைத் தடவி, சோற்றைப் பொருத்தி, ஒரு திருப்பு, ஓர் அழுத்தம், இன்னொரு திருப்பு. சில நொடிகளில் முடிந்துவிடும். பிறகு சோயா சாஸை மேலே தூரிகையால் பூசி உங்கள் முன் வைப்பார். நல்ல கைவேலையாக இருந்தால், வைத்த கணத்தில் அந்தத் துண்டு தன் எடையால் இழையளவு கீழே அமர்வதைப் பார்க்கலாம். சோற்றுப் பருக்கைகளுக்கிடையே அவர் விட்டுவைத்த காற்று அடங்குவதன் அடையாளம் அது.

கல்லிலிருந்து இலைக்கு வந்த தோசையை ஆறவிடாமல் சாப்பிடுவது போலத்தான் இதையும் சாப்பிட வேண்டும். படம் எடுக்க அனுமதி கேட்டுக்கொண்டு, கிடைத்தால் ஃபிளாஷ் இல்லாமல் ஒரே ஒரு படம் எடுத்துவிட்டு உடனே வாயில் போட்டுவிடுங்கள். பேச்சை முடித்துவிட்டுச் சாப்பிடலாம் என்று ஒதுக்கி வைப்பதைத்தான் அங்கே குறையாகக் கருதுவார்கள். ஒரே வாயாகச் சாப்பிட வேண்டும். பாதி கடித்து மீதியைத் தட்டில் வைத்தால் சோறு உதிர்ந்துவிடும். துணைவியாருக்குத் துண்டு பெரிதாகத் தோன்றினால் சோற்றைக் குறைத்துப் பிடிக்கும்படி கேட்கலாம், அதில் தவறே இல்லை. குச்சியாலும் சாப்பிடலாம், கையாலும் சாப்பிடலாம். கை நமக்குக் கைவந்த முறைதான் என்றாலும், ஐந்து விரலையும் கூட்டி அள்ளாமல், கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றால் பக்கவாட்டில் மெதுவாகப் பிடித்து எடுங்கள். இடக்கைப் பழக்கமுள்ளவர் என்று கண்டால் சமையலரே துண்டைத் திருப்பி வைப்பார்.

சாஸ் ஏற்கெனவே பூசப்பட்டிருப்பதால் மேலும் தோய்க்க வேண்டியதில்லை. தனியாகச் சாஸ் கிண்ணம் வைத்திருந்தால் மீன் பக்கம் மட்டும் நனையட்டும். சோறு நனைந்தால் உடைந்துவிடும். வசாபியைச் சாஸில் கரைக்கும் பழக்கத்தை வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள். இங்கே நாம் சாப்பிட்டுவரும் பச்சைப் பசை பெரும்பாலும் வேறொரு காரக் கிழங்கில் நிறம் சேர்த்துச் செய்தது. அங்கே நிஜமான வசாபித் தண்டைப் பரிமாறுவதற்குச் சற்று முன்னர் துருவுவார்கள். இனிப்பும் புளிப்புமாக வரும் இஞ்சியைத் துண்டின் மேல் வைக்காமல், ஒரு மீனுக்கும் அடுத்த மீனுக்கும் இடையே வாயைச் சுத்தம் செய்துகொள்ளச் சாப்பிடுங்கள்.

வாசனையில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். சென்ட், மணமுள்ள கூந்தல் தைலம், தலையில் மல்லிகைச் சரம் எதுவும் அன்று வேண்டாம். பக்கத்து நாற்காலிக்காரர் வெள்ளை மீனின் மெல்லிய மணத்துக்காகத்தான் பணம் கொடுத்திருக்கிறார். கவுன்ட்டர் பெரும்பாலும் வழவழவென்று இழைத்த ஹினோகி மரத்தால் ஆனது; எளிதில் கீறல் விழும் என்பதால் வளையல், கைக்கடிகாரம், மோதிரம் ஆகியவற்றைக் கழற்றி வைப்பதும், போனையும் பையையும் அதன் மேல் வைக்காமலிருப்பதும் மரியாதை. உடையில் அரைக்கால் சட்டையும் ரப்பர் செருப்பும் கூடாது, அவ்வளவுதான்.

வரிசை பொதுவாகச் சிறு தொடுகறிகளில் தொடங்கி நிகிரிக்கு நகரும். மெல்லிய சுவையுள்ள வெள்ளை மீன்கள், கணவாய், பின்னர் சூரையின் சிவந்த சதையும் கொழுப்பான வயிற்றுப் பகுதியும், கடல் முள்ளெலி, விலாங்கு என்று போய் முட்டைப் பணியாரத்தில் முடிவது வழக்கம்; கடைக்குக் கடை இது மாறும். முட்டைப் பணியாரத்துக்கு முன்னோ பின்னோ, இன்னும் ஏதாவது வேண்டுமா என்று கேட்பார்கள். பிடித்த மீனை மறுபடியும் கேட்கலாம். ஆனால் அது பெரும்பாலும் ஒமாகாசே விலைக்குள் அடங்காது, தனியாகக் கணக்கில் சேரும். அடுத்த குழுவினருக்கு இடம் தர வேண்டியிருப்பதால், தேநீர் குடித்து முடித்ததும் பில்லைக் கேட்டுவிடலாம். கார்டு ஏற்காத பழைய கடைகளும் உண்டு என்பதால் முன்பதிவின்போதே அதையும் கேட்டுக்கொண்டு, தேவையானால் யென்னாகக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.