பாறை ஊற்றுத் தண்ணீரை அப்படியே குடிக்கலாமா?

கேள்வி: கன்னியாகுமரி மாவட்டம் குலசேகரம் பக்கம் மலையடிவாரத்தில் குடியிருக்கிறோம். ரப்பர் தோட்டத்தை ஒட்டிய சாலையோரத்தில் பாறை இடுக்கிலிருந்து வருடம் முழுக்கத் தண்ணீர் வருகிறது. யாரோ ஒரு பிவிசி குழாயைச் சொருகி வைத்திருக்கிறார்கள். பைக்கிலும் ஆட்டோவிலும் வந்து கேன் கேனாகப் பிடித்துப் போகிறார்கள், நாங்களும் அதைத்தான் குடிக்கிறோம். டிடிஎஸ் மீட்டரில் 40தான் காட்டுகிறது. "மலைத் தண்ணிக்கு என்ன குறைச்சல், கொதிக்க வச்சா ருசி போயிரும்" என்கிறார் மாமியார். வீட்டில் ஒன்றரை வயதுக் குழந்தை இருக்கிறது. அப்படியே குடிக்கலாமா? - ஒரு வாசகி

பதில்: வேண்டாம், கொதிக்க வைத்துக் குடியுங்கள். குழந்தைக்கு மட்டுமில்லை, மாமியாருக்கும் சேர்த்துத்தான். ஊற்றைக் கைவிடச் சொல்லவில்லை. நல்ல தண்ணீராகவே இருக்கலாம், ஆனால் அதை நம்ப நீங்கள் வைத்திருக்கும் காரணம் சரியில்லை.

டிடிஎஸ் மீட்டர் தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளை மட்டும்தான் கணக்கிடும். கிருமி இருக்கிறதா என்று அதற்குத் தெரியாது. சாக்கடை கொஞ்சம் கலந்த மழைநீரிலும் அது குறைவான எண்ணையே காட்டும். இன்னொன்றையும் யோசியுங்கள். நம் மலைகள் கெட்டிப் பாறை. மழைநீர் மேல்மண்ணில் இறங்கி, பாறை வெடிப்புகள் வழியாகக் கீழே வருகிறது. நிலத்துக்குள் நெடுநாள் கிடந்த தண்ணீரில் பொதுவாக உப்பு கூடும். 40 என்றால், பெரும்பாலும் அது அண்மையில் பெய்த மழை, வடிகட்டப்பட அதிக நேரம் கிடைக்காத தண்ணீர். அந்த இனிப்புச் சுவைக்கும் அதுதான் காரணம்.

ஆகவே ஊற்றுக்கு மேலே சரிவில் என்ன இருக்கிறது என்பதுதான் முக்கியமான கேள்வி. ஒரு நாள் ஏறிப் பாருங்கள். வீடு இருந்தால் கக்கூஸ் குழி எங்கே என்று கவனியுங்கள். ஆடு மாடு கட்டுகிறார்களா? காட்டுப்பன்றி, குரங்கு நடமாட்டம் உண்டா? ரப்பரில் இலையுதிர்வு நோய்க்காகத் தென்மேற்குப் பருவமழைக்கு முன்பு செம்பு கலந்த மருந்து அடிப்பார்கள். வாழைக்கும் அன்னாசிக்கும் உரம், களைக்கொல்லி போகும். கிருமியைக் கொதிநீர் கொல்லும், மருந்தையும் உரத்தையும் அது போக்காது. உரத்திலிருந்து வரும் நைட்ரேட் என்ற உப்பு இருந்தால், கொதிக்க வைக்கும்போது தண்ணீர் ஆவியாகி அதன் அடர்த்தி கூடத்தான் செய்யும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளுக்குப் பவுடர் பால் கரைக்கும் வீடுகளில் இது பெரிய ஆபத்து. தோட்டத்தில் மருந்து அடிக்கும் நாட்களிலும், அதன் பிறகு வரும் முதல் மழைகளிலும் அந்த ஊற்றுப் பக்கமே போகாதீர்கள்.

மழையை வைத்தே ஊற்றின் குணத்தைக் கண்டுபிடிக்கலாம். நல்ல மழை பெய்த சில மணி நேரத்திலேயே தண்ணீர் பெருகி, நிறம் மாறினால் மேல்தண்ணீர் நேராக உள்ளே இறங்குகிறது என்று அர்த்தம். பங்குனி வெயிலிலும் ஆனி, ஆடிச் சாரலிலும் அளவும் குளிர்ச்சியும் பெரிதாக மாறாமல் வந்தால் ஓரளவு ஆழத்திலிருந்து வருகிறது. கோடை முடிந்து வரும் முதல் மழைதான் மிக மோசம். சரிவில் மாதக்கணக்காகக் கிடந்த அசுத்தம் எல்லாம் அப்போதுதான் அடித்துக்கொண்டு வரும். கலங்கிய தண்ணீர் தெளியும்வரை பிடிக்க வேண்டாம்.

"இத்தனை நாள் குடித்தோம், ஒன்றும் வரவில்லையே" என்று வீட்டில் சொல்வார்கள். மஞ்சள்காமாலை தரும் ஹெபடைடிஸ் ஏ கிருமி உள்ளே போய் 15 முதல் 50 நாள் கழித்துத்தான் நோயாக வெளிப்படும். டைபாய்டுக்கும் ஒன்று முதல் மூன்று வாரம் ஆகும். அதற்குள் எந்தத் தண்ணீர் என்பதே மறந்துபோகும், பழி கல்யாண வீட்டுச் சாப்பாட்டின் மேல் விழும். ஹெபடைடிஸ் ஏ சிறு குழந்தைகளுக்குப் பல நேரம் அறிகுறியே காட்டாது, பெரியவர்களைத்தான் படுக்கையில் போடும்.

கொதிப்பது என்றால் தளதளவென்று கொதித்து ஒரு நிமிடமாவது நிற்க வேண்டும். இங்கே நம் ஊர்ப் பழக்கம் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். சீரகமோ பதிமுகப் பட்டையோ போட்டுக் கொதிக்க வைத்துவிட்டு, சீக்கிரம் ஆறட்டும் என்று பச்சைத் தண்ணீரை ஊற்றி விளாவுகிறோம். செய்த வேலை அத்தனையும் அந்த ஒரு செம்பில் வீணாகிவிடும். மூடி வைத்துத் தானாக ஆற விடுங்கள். ருசி குறைகிறது என்றால், ஆறிய தண்ணீரை மண்பானையில் ஊற்றி வையுங்கள். பானையையும் வாரம் ஒருமுறை தேய்த்துக் கழுவி வெயிலில் காய வைக்க வேண்டும்.

ஆர்ஓ மெஷின் வாங்காதீர்கள். உப்பைக் குறைப்பது அதன் முக்கிய வேலை, உங்கள் தண்ணீரில் குறைக்க உப்பே இல்லை. பிடிக்கும் தண்ணீரில் நல்ல பகுதியை அது கழிவாகத் தள்ளும். மெஷின் வேண்டுமென்றால் புற ஊதா ஒளியால் கிருமியைக் கொல்லும் யூவி போதும், தண்ணீர் தெளிவாக இருக்கும்வரை அது வேலை செய்யும். கேன் விஷயத்தில், மருந்தோ பெயிண்டோ இருந்த கேனைக் கழுவிக்கூடப் பயன்படுத்தக் கூடாது. குழாயின் நுனியைக் கேனுக்குள் விடாமல் மேலே பிடித்து நிரப்புங்கள். அந்தக் குழாயின் உட்புறம் வழுவழுவென்று பாசி பிடித்திருந்தால் மாற்றச் சொல்லுங்கள்.

அப்புறம், ஒருமுறை சோதித்துவிடுங்கள். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்ட அளவில் ஆய்வகம் இருக்கிறது. கிருமிச் சோதனைக்குக் கிருமிநீக்கிய பாட்டிலை அங்கிருந்தே கேட்டு வாங்கி, ஐஸில் வைத்து, பிடித்த அன்றே கொடுக்க வேண்டும். நைட்ரேட்டையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். இந்தியத் தர நிர்ணயப்படி நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது, 100 மில்லி தண்ணீரில், மலம் கலந்திருப்பதைக் காட்டும் ஈ.கோலி கிருமி ஒன்றுகூட இருக்கக் கூடாது. வறண்ட மாதத்தில் ஒன்று, மழைக்குப் பிறகு ஒன்று என்று இரண்டு மாதிரி கொடுத்தால்தான் உண்மை தெரியும். ஈ.கோலி இருந்தால் அந்தத் தாளோடு ஊராட்சிக்குப் போங்கள். ஊற்றுக்குச் சற்று மேலே மழைநீரைத் திருப்பிவிட ஒரு வாய்க்கால், கால்நடை ஏறாதபடி ஒரு வேலி, இந்த இரண்டையும் கேளுங்கள்.